செத்தால் எல்லாம் போச்சு: கிரேடியஸின் நாற்பது வருடம்

கேள்வி இது: "பழைய ஷூட்டிங் கேம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கிரேடியஸ், கிரேடியஸ் என்கிறார்கள். வீடியோ பார்த்தேன். ஒரு விண்கலம் வலது பக்கமாகப் போகிறது, சுடுகிறது, அவ்வளவுதான். இதில் அப்படி என்ன இருக்கிறது? எத்தனை பாகம் வந்தது, எதில் ஆரம்பிக்கலாம்?"

கேமின் பெயர் தெரியாவிட்டாலும் அதிலிருந்து வந்த ஒரு சமாசாரம் உங்கள் விரல்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. தொண்ணூறுகளில் நம் பக்கம் டிவி கேம் வாங்கிய வீடுகளில் கான்ட்ரா கேசட் ஓடாத வீடு குறைவு. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ. அழுத்தினால் 30 உயிர். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சொல்லியிருப்பார். அந்தக் கோட் கான்ட்ராவுக்காகப் பிறந்ததில்லை. கிரேடியஸுக்காகப் பிறந்தது. ஏன் பிறக்க வேண்டி வந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதிலும் இருக்கிறது.

முதலில் ஆட்டம் எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். ஜப்பானில் கோனாமி 1969-ல் ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விடும், ரிப்பேர் பார்க்கும் கடையாகத் தொடங்கிய கம்பெனி. 1981-ல் ஸ்கிராம்பிள் என்று ஒரு ஆர்கேட் கேம், அதாவது கேம் சென்டரில் காசு போட்டு ஆடுகிற கேம், விட்டார்கள். திரை தானாகவே நகரும். கீழே மலை, பள்ளம். நேராகச் சுடலாம், கீழே குண்டு போடலாம், பெட்ரோல் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு இரண்டாம் பாகம் செய்யலாம் என்று ஹிரோயாசு மச்சிகுச்சி தலைமையில் ஒரு சின்னக் குழு உட்கார்ந்தது. அந்த வேலை வளர்ந்து வளர்ந்து வேறு ஒன்றாகி, 1985 மே மாதம் கிரேடியஸ் என்ற பெயரில் ஜப்பானிய கேம் சென்டர்களுக்கு வந்தது. வெளிநாடுகளில் அதற்கு நெமிசிஸ் என்று பெயர்.

அந்த முதல் மெஷினைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லியே ஆக வேண்டும். கேம் இருந்தது சாதாரண சிப்பில் இல்லை, பபுள் மெமரி என்று அப்போது பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட காந்தச் சேமிப்பில். அது சில்லென்று இருந்தால் வேலை செய்யாது, சூடாக வேண்டும். காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால் 'சூடாகிக்கொண்டிருக்கிறேன்' என்று மெஷின் திரையில் எழுதிக் காட்டி, எண்களை இறங்குமுகமாக எண்ணும். பிறகு லோடு ஆகிற நேரத்துக்கு மென்மையான ஒரு மெட்டை வாசிக்கும். அதன் பெயரே 'மார்னிங் மியூசிக்'. சாமிப் பாட்டு போட்டுக் கடை திறப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மெமரி விலை அதிகம், பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் கெட்டும் போகும். சீக்கிரமே சாதாரண சிப் போர்டுக்கு மாறிவிட்டார்கள். மெட்டு மட்டும் ரசிகர்கள் மனதில் தங்கிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கப்பலின் பெயர் விக் வைப்பர். எதிரி பாக்டேரியன் என்ற சாம்ராஜ்யம். கதை இவ்வளவுதான், இதற்கு மேல் யாரும் கவலைப்பட்டதில்லை. கப்பல் கிளம்பும்போது ஆமை வேகம், ஒரே ஒரு பொட்டுத் துப்பாக்கி. வரிசையாக வரும் எதிரிக் கூட்டத்தை ஒன்று விடாமல் அழித்தால் ஒரு சிவப்பு கேப்ஸ்யூல் விழும். அந்தக் காலத்து மற்ற கேம்களில் இப்படி ஏதாவது எடுத்தால் உடனே ஆயுதம் கிடைக்கும். இங்கே கிடைக்காது. திரையின் அடியில் ஆறு கட்டம் உள்ள ஒரு பட்டை இருக்கிறது. ஸ்பீட், மிசைல், டபுள், லேசர், ஆப்ஷன், கடைசியில் கேள்விக்குறி, அதுதான் கவசம். ஒரு கேப்ஸ்யூல் எடுத்தால் விளக்கு ஒரு கட்டம் நகரும். எந்தக் கட்டத்தில் நிற்கும்போது பட்டனை அழுத்துகிறீர்களோ, அதுதான் உங்களுக்கு. அழுத்தியதும் விளக்கு அணைந்து, பழையபடி முதலிலிருந்து எண்ணிக்கை.

இது சீட்டுக்கட்டுக் கணக்கு மாதிரி. கையில் மூன்று கேப்ஸ்யூல் இருக்கிறது, இப்போதே டபுள் எடுத்துக்கொள்ளலாமா, இன்னொன்றுக்குக் காத்திருந்து லேசர் எடுக்கலாமா? காத்திருக்கும்போது உயிர் போனால்? கூடவே, வேகத்தைத் தெரியாத்தனமாக நாலு தடவை ஏற்றிக்கொண்டால் கப்பல் கையில் நிற்காது, தானே சுவரில் போய் மோதும். சுட்டுக்கொண்டே வரவு செலவு பார்க்கிற ஆட்டம் என்பது அன்றைக்குப் புதுசு.

ஐந்தாவது கட்டமான ஆப்ஷன்தான் இந்தத் தொடரின் உயிர்நாடி. ஆரஞ்சு நிறத்தில் மினுங்குகிற ஒரு உருண்டை. உங்கள் கப்பல் போன தடத்திலேயே பின்னால் வரும், நீங்கள் சுடுவதை எல்லாம் அதுவும் சுடும். அதற்குச் சாவே கிடையாது. ஆர்கேடில் இப்படி நாலு வரை சேர்க்கலாம். நீங்கள் நின்றால் அவையும் நிற்கும்; கப்பலை ஒரு வட்டம் சுற்றி நிறுத்தினால் நாலும் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும், அங்கிருந்து நாலு லேசர் பாயும். நன்றாக ஆடுகிறவர் கையைக் கவனித்தால் தெரியும், அவர் கப்பலை ஓட்டுவதில்லை, அந்த உருண்டைகளை எங்கே நிறுத்துவது என்று கோலப் புள்ளி வைப்பது போல வைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது ஒரு கணக்கு. ஸ்பீட் ஒன்றுக்கு 1 கேப்ஸ்யூல், மிசைலுக்கு 2, லேசருக்கு 4, நாலு ஆப்ஷனுக்கு 20, கவசத்துக்கு 6. மொத்தம் 33. வீணாக்காமல் சேர்த்தால்கூட இவ்வளவு ஆகும். சரி, ஒரே ஒரு குண்டு பட்டுவிட்டது. என்ன ஆகும்?

33-ம் போய்விடும். ஒன்றும் மிஞ்சாது. கப்பல் பழைய ஆமை, பழைய பொட்டுத் துப்பாக்கி. செத்த இடத்திலும் விடமாட்டார்கள். கொஞ்சம் பின்னால் குறித்து வைத்த ஒரு இடத்தில், செக்பாயின்ட் என்பார்கள், அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். மூன்றாவது ஸ்டேஜில் மோவாய் சிலைகள் வரும், ஈஸ்டர் தீவுச் சிலைகளேதான். மேலேயும் கீழேயும் வரிசையாக நின்று வாயைத் திறந்து வளையம் வளையமாகத் துப்பும். வாய்க்குள் சுட்டால்தான் உடையும். நாலு ஆப்ஷனோடு அங்கே போனால் திருவிழா. ஒன்றும் இல்லாமல் அங்கே விழித்தெழுந்தால், மேலே ஒரு வளையத்துக்கு ஒதுங்கினால் கீழிருந்து இரண்டு வரும், ஒதுங்கி முடிப்பதற்குள் உயிர் போயிருக்கும். மறுபடி அதே இடம். எனக்குப் பல நாள் ஆட்டம் இந்தச் சிலைகளோடே முடிந்திருக்கிறது. இதற்கு 'கிரேடியஸ் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருமுறை செத்தால், மிச்சம் இருக்கிற உயிர்கள் பெயருக்குத்தான் உயிர்.

ஆனால் இங்கேதான் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் ஒரு கலையைக் கண்டுபிடித்தார்கள். ஃபுக்காட்சு என்பார்கள், மீண்டெழுதல் என்று அர்த்தம். எந்த செக்பாயின்டில் எழுந்தால் முதல் கேப்ஸ்யூல் எங்கே வரும், அதை ஸ்பீடுக்குச் செலவழிப்பதா, அடுத்த இரண்டு வரும்வரை எங்கே பதுங்குவது என்று ஒவ்வொரு இடத்துக்கும் பாதை எழுதினார்கள். சாகாமல் முடிப்பதைவிட, மோசமான இடத்தில் செத்து அங்கிருந்து எழுந்து வருவதுதான் பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

இதோடு இன்னொரு ரகசியமும் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு ஆயுதம் சேர்க்கிறீர்களோ, எவ்வளவு நேரம் சாகாமல் இருக்கிறீர்களோ, அதைப் பார்த்து ஆட்டமும் கடினமாகிக்கொண்டே போகும். எதிரிகள் அதிகமாகச் சுடுவார்கள். ரேங்க் என்பார்கள் இதை. ஆக, 33 கேப்ஸ்யூல் சேர்த்தது உங்கள் சொத்து மட்டும் இல்லை, உங்கள் மேல் ஏற்றிய வட்டியும்தான்.

அந்தக் கோட் இப்போது புரியும். 1986-ல் ஃபாமிகாம் என்ற வீட்டு மெஷினுக்கு கிரேடியஸைக் கொண்டுவரும் வேலை கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு வந்தது. அந்த மெஷினின் சக்திக்கு ஆப்ஷன் இரண்டுதான் தாங்கியது. சோதித்துப் பார்க்க ஆட்டத்தை ஆட வேண்டுமே. ஹாஷிமோட்டோவுக்கு அது ரொம்பக் கடினமாக இருந்தது. அதனால் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைத்து, தனக்கு எளிதாக ஞாபகம் இருக்கிற வரிசையில் பட்டன்களை அழுத்தினால் ஏறக்குறைய எல்லா ஆயுதமும் வந்துவிடும்படி எழுதிக்கொண்டார். கேசட் கடைக்குப் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. பிறகு கோனாமியே அதைத் தன் மற்ற கேம்களில் வேண்டுமென்று வைக்க ஆரம்பித்தது, உலகம் அதை கோனாமி கோட் என்றது. செய்தவருக்கே ஆட முடியாத கேமிலிருந்து வந்தது அது. ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

இசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனி மெட்டு என்பது 1985-ல் சாதாரணம் இல்லை. மிக்கி ஹிகாஷினோ போட்டது. பின்னாளில் சுயிகோடென் கேமுக்கு இசையமைத்ததும் இவர்தான். ஸ்டேஜுக்கு முன்னால் வெறும் விண்வெளியில் கேப்ஸ்யூல் சேர்க்கிற சில நொடிகளுக்கு ஒரு மெட்டு உண்டு. அதைக் கேட்டாலே கை தானாக ஜாய்ஸ்டிக்கைத் தேடும்.

இனி அடுத்த பாகங்கள். இவற்றை வரிசையாகப் படித்தால் குழம்பும். நான் பார்க்கிற கோணம் வேறு. ஒவ்வொரு பாகமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறது: செத்தால் என்ன?

1986-ல் சலாமாண்டர் வந்தது. அண்ணன் கேமுக்கு நேர் எதிர். பட்டையே கிடையாது, எடுத்ததும் ஆயுதம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். ஒரு ஸ்டேஜ் பக்கவாட்டில் போனால் அடுத்தது மேல்நோக்கிப் போகும். முக்கியமாக, செத்தால் அதே இடத்தில் அடுத்த கப்பல் வந்துவிடும். உங்கள் ஆப்ஷன்கள் அநாதையாக மிதந்துகொண்டிருக்கும், அவை திரையைவிட்டுப் போவதற்குள் பாய்ந்து பிடித்துக்கொள்ளலாம். நண்பர் செத்தால் அவருடையதையும் பிடுங்கிக்கொள்ளலாம். நட்பு முறிந்தால் நான் பொறுப்பில்லை. முதல் ஸ்டேஜில் சதைச் சுவர்கள் வளர்ந்து வழியை அடைக்கும், முடிவில் இரண்டு கை முளைத்த ஒற்றைக்கண் மூளை. அமெரிக்காவில் இதை ஒரு பிரம்மாண்ட உயிரின் உடம்புக்குள் நடக்கிற கதையாக மாற்றி லைஃப் ஃபோர்ஸ் என்று விட்டார்கள். ஃபாமிகாமுக்கு 1987-ல் வந்த கேசட் ஒளி ஊடுருவும் நீலப் பிளாஸ்டிக். உள்ளே இருக்கிற சிப் தெரியும்.

1988-ல் ஆர்கேடுக்கு வந்த கிரேடியஸ் இரண்டாம் பாகம்தான் என் கணக்கில் இந்தத் தொடரின் உச்சம். செயற்கைச் சூரியன்களுக்கு நடுவே தொடக்கம், சூரியனுக்குள்ளிருந்து நெருப்பு நாகங்கள் எழுந்து வளைந்து வரும். நாலு ஆயுத வரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். செத்தால் பழைய தண்டனைதான், அதோடு புதுசாக ஒன்று: ஆப்ஷன்களைத் திருடுகிற எதிரி. ஆப்ஷன் ஹன்டர் என்று பெயர். நாலும் சேர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது பின்னாலிருந்து வருவான், உருண்டைகளை அள்ளிக்கொண்டு போவான். இதைச் சாவு என்று சொல்ல முடியாது, வழிப்பறி. யாரோ குழுவில் உட்கார்ந்து, 'ரொம்ப செல்வச் செழிப்பாக இருக்கிறார்களே' என்று பொறாமைப்பட்டுச் செய்தது போல இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 1987-ல் 'கிரேடியஸ் 2' என்று இன்னொன்று வந்திருக்கிறது. ஆர்கேடில் வந்ததில் ரோமன் எண், இதில் சாதாரண எண். இரண்டும் வேறு வேறு ஆட்டம். எம்எஸ்எக்ஸ் ஆட்டத்தில், ஸ்டேஜ் முடிவில் வருகிற பெரிய எதிரியான பாஸ் கப்பலைத் தோற்கடித்ததும் அதன் உள்ளே புகுந்து புது ஆயுதத்தை எடுத்துக்கொண்டு வரலாம். திரை வழுவழுப்பாக நகராது, தடக் தடக் என்று குதிக்கும்; ஆனாலும் அந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் இதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

1989 டிசம்பரில் மூன்றாம் பாகம். இதைப் பற்றி மரியாதையாகப் பேசுவது கஷ்டம். ஆயுத வரிசையை நீங்களே கட்டமைக்கலாம் என்று கொடுத்தார்கள், பிறகு அந்த ஆயுதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாதபடி பத்து ஸ்டேஜ் செய்தார்கள். ஒன்பதாவது ஸ்டேஜில் பளிங்குக் கட்டிகள் வலது பக்கத்திலிருந்து பறந்து வந்து உங்களைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். மனப்பாடம் செய்து ஆடும் ஒரு ஆட்டத்தில், மனப்பாடம் செய்யவே முடியாத ஒரு இடத்தை ஒன்பதாவது ஸ்டேஜ் கடைசியில் வைத்தவரின் மனசு எப்படிப்பட்டது என்று யோசித்திருக்கிறேன். அடுத்த வருடம் ஃபாமிகாமின் அடுத்த தலைமுறை மெஷினான சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்தபோது ஆட்டத்தை நிறையவே இளக்கினார்கள். மெஷின் திணறி அடிக்கடி மெதுவாக ஓடும். அந்தத் திணறலே ஆடுகிறவருக்கு உதவி. அதில் ஒரு குறும்பும் உண்டு. பழைய கோனாமி கோடை அப்படியே அழுத்தினால் கப்பல் எல்லா ஆயுதத்தையும் எடுத்துக்கொண்டு, உடனே வெடித்துவிடும். இடது, வலது அம்புக்குப் பதிலாக மேல் விளிம்பில் இருக்கிற எல், ஆர் பட்டன்களை அழுத்தினால்தான் பலன்.

நடுவில் இந்தத் தொடர் தன்னையே கேலி செய்துகொண்டது. பரோடியஸ்: பரடி, கிரேடியஸ் இரண்டையும் ஒட்டவைத்த பெயர். 1988-ல் எம்எஸ்எக்ஸில் தொடங்கி, 1990-ல் ஆர்கேடுக்கு வந்தது. விக் வைப்பரோடு பெங்குவின், ஆக்டோபஸ் எல்லாம் பறக்கும். பூனை முகம் வைத்த போர்க்கப்பல் எதிரே வரும். பின்னணியில் மேற்கத்திய சாஸ்திரீய இசையைக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். பார்க்கக் குழந்தை விளையாட்டு, ஆடினால் அதே பட்டை, அதே தண்டனை. சிரித்துக்கொண்டே சாகலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளில் கேம் சென்டர்களின் கூட்டம் சண்டை கேம்கள் பக்கம் போய்விட்டது. 1996-ல் சலாமாண்டர் இரண்டாம் பாகம், 1999-ல் ஆர்கேடுக்கு கிரேடியஸ் நாலாம் பாகம். அந்த நாலாம் பாகத்தின் துணைப்பெயரே ஃபுக்காட்சு. பெயர் பொருத்தமாக இருந்தது, ஆட்டம் பழசை மறுபடி பார்ப்பது போல இருந்தது. உண்மையான மீண்டெழுதல் 1997-லேயே பிளேஸ்டேஷனில் நடந்துவிட்டது: கிரேடியஸ் கைடன். நாலு கப்பல், பட்டையின் வரிசையையே மாற்றிக்கொள்ளலாம், ஆப்ஷனை முதல் கட்டத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இரண்டாவது ஸ்டேஜ் ஒரு காயலான் கடை மாதிரி. முந்தைய பாகங்களின் பாஸ் கப்பல்கள் உடைந்து மிதக்கும். இன்னொரு ஸ்டேஜில் கருந்துளை ஒன்று சுவர், பாறை எல்லாவற்றையும் உறிஞ்சும்.

பிறகு 2004, பிளேஸ்டேஷன் 2, ஐந்தாம் பாகம். இதை கோனாமி தானே செய்யவில்லை. ட்ரெஷர் என்ற சிறு கம்பெனியிடம் கொடுத்தது. ட்ரெஷர் 1992-ல் கோனாமியைவிட்டு வெளியேறியவர்கள் தொடங்கியது. வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளைக் கூப்பிட்டுக் குலதெய்வக் கோயிலைக் கட்டச் சொன்ன மாதிரி. இயக்கியவர் ஹிரோஷி இயுச்சி, இக்காருகா என்ற ஷூட்டிங் கேமைச் செய்தவர். இசை ஹிடோஷி சகிமோட்டோ. ஆப்ஷன்களை ஒரு பட்டனால் உறைய வைக்கலாம், சுழற்றலாம், திசை திருப்பலாம். செத்தால்? சலாமாண்டர் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டார்கள்: அதே இடத்தில் எழுந்து, மிதக்கிற ஆப்ஷன்களைப் பிடித்துக்கொள்ளலாம். பழைய தண்டனைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு அதையும் செட்டிங்கில் வைத்தார்கள். கதையிலும் ஒரு விளையாட்டு: இரண்டாவது ஸ்டேஜில் இன்னொரு விக் வைப்பர் துணைக்கு வரும், எதிர்காலத்திலிருந்து வந்த நீங்களேதான். கடைசி ஸ்டேஜில் காலத்தில் பின்னால் போய், அன்றைக்குத் துணைக்கு வந்த அந்தக் கப்பலை நீங்கள் ஓட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு சில்லறையாகத்தான் வந்தது. 2007-ல் பெண் பாத்திரங்களை வைத்து ஓட்டோமீடியஸ், 2008-ல் வீ மெஷினுக்கு எம்2 என்ற குழு செய்த ரீபர்த். பிறகு நீண்ட மௌனம். 2025 ஆகஸ்டில் அதே எம்2 குழு கிரேடியஸ் ஆரிஜின்ஸ் என்று ஆர்கேட் பாகங்களின் தொகுப்பைக் கொண்டுவந்தது, உள்ளே புத்தம் புதிய சலாமாண்டர் மூன்றாம் பாகத்தையும் வைத்து.

எதில் ஆரம்பிப்பது என்றால், அந்தத் தொகுப்பில்தான். முதலில் சலாமாண்டர் ஆடுங்கள். செத்தாலும் கை கொடுக்கும். பிறகு 1985-ன் முதல் ஆட்டம், பிறகு இரண்டாம் பாகம். மூன்றாம் பாகத்தை வீடியோவில் வேறு யாராவது ஆடப் பார்ப்பது உடம்புக்கு நல்லது. தொகுப்பில் ரீவைண்ட் வசதி இருக்கிறது, செத்தால் சில நொடி பின்னால் போய் ஒன்றும் நடக்காதது போல ஆடலாம். பயன்படுத்துங்கள், தப்பில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், மோவாய் ஸ்டேஜில் நாலு ஆப்ஷனோடு செத்ததும் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள். கப்பல் வெறுங்கையோடு எழும். முதல் சிவப்பு கேப்ஸ்யூல் வந்ததும் அதை ஸ்பீடுக்குப் போடுங்கள், யோசிக்க வேண்டாம். மிச்சத்தை அங்கிருந்து நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.